முதல் பந்தியும் பஃபே வரிசையும்

ஞாயிறு இரவு, மைசூரு.

மகளின் நிச்சயதார்த்தம் நல்லபடியாக முடிந்தது. எனக்குத்தான் தூக்கம் வரவில்லை.

போன மாதம் கப்பல் பயணத்தில், மேசைக்கே வந்து பரிமாறும் ரெஸ்டாரண்டில் என் நாத்தனார் சுமதி இடம் பிடித்தாள். தனக்கு, தன் கணவருக்கு, தன் அண்ணனான என் வீட்டுக்காரருக்கு மட்டும். "அண்ணி, அங்க கத்தி, முள்கரண்டியெல்லாம் புடிக்கணும். உங்களுக்கு மேல்தளத்து பஃபேதான் வசதி, ஆராமா சாப்பிடுங்க" என்றாள். இவரும் தங்கை பின்னாலேயே போனார். நான் தட்டோடு தனியாக நின்றேன்.

இன்று மண்டி மொஹல்லா மண்டபத்தில் முதல் பந்தி. அத்தைக்காரி என்ற உரிமையில் சுமதி சம்பந்தி வீட்டாரோடு இலை முன்னால் உட்காரப் போனாள். எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன்: "சுமதி, இங்க கையால பிசைஞ்சு சாப்பிடணும். உனக்கு அந்தப் பக்கம் பஃபேதான் வசதி, ஆராமா சாப்பிடு." அவள் முகம் சுண்டிப்போனது.

அந்தச் சந்தோஷம் இலைக்கு ஒப்பட்டு என்கிற போளி வரும்வரைகூட நிலைக்கவில்லை. இவர் பாதிச் சாப்பாட்டில் இலையை மூடிவிட்டு, தங்கையோடு போய் வரிசையில் நின்றார். கப்பலில் எனக்காக எழுந்திருக்காத மனுஷன்!

பக்கத்தில் குறட்டை விடுகிறார். விடட்டும். நாளையிலிருந்து இந்த வீட்டிலும் பஃபேதான். தட்டு அலமாரியில் இருக்கிறது. எடுத்துக்கொண்டு தனியாக நிற்கட்டும்.