மேசைமேல் வைத்த ரிவால்வர்

மார்ச் 4, செவ்வாய்

அவர் போய் ஒரு மாதம் ஆகிறது. பெரியவன் இன்று அப்பாவின் பீரோவைத் திறந்து ரிவால்வரை எடுத்து எண்ணெய் போட்டுத் துடைத்தான். "அப்பா ஞாபகமா இருக்கட்டும்மா" என்றான். வேறு ஞாபகமே கிடைக்கவில்லையா இவனுக்கு? மூக்குக்கண்ணாடி இருக்கிறது, கைக்கடிகாரம் இருக்கிறது. நான் வாயைத் திறக்கவில்லை. பழக்கம்.

மார்ச் 5

எழுதிவிடுகிறேன். இனி யாருக்குப் பயம்?

நான் ஏதாவது மறுத்துப் பேசினால் அவர் எழுந்து போய் அந்த ரிவால்வரை எடுத்து வந்து தட்டுக்குப் பக்கத்தில் வைப்பார். சுட்டதில்லை. கையை ஓங்கியதுகூட இல்லை. வைத்துவிட்டு நிதானமாகச் சாப்பிடுவார். குழல் என் பக்கம் பார்த்திருக்கும். அம்மாவைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றபோது வைத்தார். தையல் கடை போடுகிறேன் என்றபோது வைத்தார். அப்பா துடைப்பதற்காக எடுக்கிறார் என்று பெரியவனிடம் சொல்லி வளர்த்தேன்.

மார்ச் 10, திங்கள்

உரிமம் அவர் பேரில் இருந்தது. ஆள் போனால் துப்பாக்கியை ஒப்படைக்க வேண்டும் என்று காவல் நிலையத்தில் சொல்லிவிட்டார்கள். அப்பாடா என்றிருந்தது. பெரியவன் விடுவானா? கெடு வாங்கிக்கொண்டு, என்னையும் மருமகளையும் கூட்டிக்கொண்டு துப்பாக்கிக் கடைக்குப் போனான்.

கடைக்காரருக்குக் காது மந்தம். இவன் கத்திக் கத்திக் கேட்டான். எந்தக் காலத்தது? கொள்ளுத்தாத்தா போர்க்களத்திலிருந்து கொண்டுவந்தது என்று இவன் அப்பா ஊரெல்லாம் அளந்து வைத்திருந்தாரே.

"போரும் இல்ல, ஒண்ணும் இல்ல தம்பி. கல்யாணமான புதுசுல உங்கப்பா என்கிட்ட வாங்கினது."

என்ன விலை போகும்? "பழைய இரும்பு விலைதான்."

வீட்டில் வைத்துக்கொள்ளலாமா? "தாராளமா. சான்று எழுதித் தர்றேன், ஸ்டேஷன்ல காட்டுங்க. இதுதான் சுடாதே!"

வாங்கிய கையோடு திரும்பக் கொண்டுவந்து உள்ளே இருக்கும் ஊசியை எடுக்கச் சொன்னாராம். ஊசி இல்லாமல் தோட்டா வெடிக்காதாம். "வீட்ல புதுசா வந்த பொண்ணு இருக்கா, தவறிக்கூட வெடிச்சிடக் கூடாதுன்னாரு."

பெரியவனுக்குக் கண் கலங்கிவிட்டது. "பாத்தியாம்மா, உன்மேல அப்பாவுக்கு எவ்ளோ அக்கறை!"

மார்ச் 11

அக்கறையாம்.

சுடாது என்று தெரிந்தேதான் வைத்திருக்கிறார். நான்தான் செத்துச் செத்துப் பிழைத்திருக்கிறேன். ஒரு இரும்புத் துண்டுக்கா இத்தனை வருஷம் வாயை மூடிக்கிட்டு இருந்தே? அடி பைத்தியக்காரி. உள்ளுக்குள் சிரித்திருப்பாரோ? படுக்கையில் கிடந்தபோதாவது "அது சுடாதுடி" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. மலம் மூத்திரம் எல்லாம் எடுத்தேனே, பாவி மனுஷா.

மார்ச் 19

சான்றை ஏற்றுக்கொண்டார்கள். கண்ணாடிப் பெட்டி வாங்கிக் கூடத்தில் வைத்துவிட்டான்.

மார்ச் 23, ஞாயிறு

சாப்பிடும்போது மருமகள், "பழைய ஆபீஸ்ல திரும்பக் கூப்பிடறாங்க. அடுத்த மாசத்திலேர்ந்து—" என்றாள்.

பெரியவன் எழுந்து போனான். பெட்டியிலிருந்து எடுத்து வந்து அவள் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தான்.

"சும்மா விளையாட்டுக்குடி. சுடாதுன்னு உனக்கே தெரியுமே."

அவளும் சிரித்தாள். ஆனால் சொல்ல வந்ததை முடிக்கவில்லை. குழல் அவள் பக்கம் பார்த்திருந்தது. துடைக்கத்தான் எடுக்கிறார் என்று இவன் ஒரு நாளும் நம்பியதில்லை. எல்லாவற்றையும் பார்த்து வளர்ந்திருக்கிறான்.

மார்ச் 24

அவன் வேலைக்குக் கிளம்பியதும் அதைப் பையில் போட்டுக்கொண்டு கடைக்குப் போனேன். "அறுத்துக் குடுங்க" என்றேன். கடைக்காரர் காதைச் சாய்த்தார். "அறுக்கணும்!" என்று கத்தினேன். தெருவில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். என் குரல் இவ்வளவு பெரிதா?

ராத்திரி எல்லாரும் சாப்பிட உட்கார்ந்ததும் துண்டுகளை மேசையில் கொட்டினேன்.

"அம்மா! அப்பாவோட—" என்று எழுந்தான் பெரியவன்.

"உக்காரு" என்றேன். உட்கார்ந்தான்.

மருமகள் பக்கம் திரும்பினேன். "அடுத்த மாசத்திலேர்ந்து... சொல்லும்மா."

அவள் அவனைப் பார்த்தாள். துண்டுகளைப் பார்த்தாள். பிறகு சொல்லி முடித்தாள். காலையில் எட்டரைக்கே கிளம்ப வேண்டுமாம்.