என் புகாருக்கு வந்த பதில்

7 ஜூலை 2025, திங்கள்
6.40 ரயில் 7.25க்கு வந்தது. மன்னிப்புக் கேட்கும் அறிவிப்பு மட்டும் நேரத்துக்கு வருகிறது. மேம்பாலத்து லிஃப்ட் ஐந்தாவது மாதமாகப் படுத்துக் கிடக்கிறது. கழிவறையில் தண்ணீர் இல்லை. கதவைத் திறந்ததும் குமட்டியது. தரையெல்லாம் ஈரம் – எது என்று குனிந்து பார்க்கவில்லை. ஆபீஸ் இருக்கும் ஈப்போ வரை அடக்கிக்கொண்டு போனேன். நாற்பத்தேழு வயதில் இது என்ன பிழைப்பு?

வீட்டுக்காரர் வழக்கம்போல, "கார் ஓட்டக் கத்துக்கன்னு அப்பவே சொன்னேன்" என்றார்.

9 ஜூலை, புதன்
மாலை ரயில் ரத்து. பஸ்ஸில் வந்தேன். ஏசித் தண்ணீர் வழியெல்லாம் தலையில் சொட்டியது. த்தூ.

10 ஜூலை, வியாழன்
இன்றும் தண்ணீர் இல்லை. படம் எடுத்தேன். நிரம்பி நிற்கும் கோப்பை, ஈக்கள், மூலையில் சாத்தி வைத்த துடைப்பம். பேஸ்புக்கில் போட்டேன். "இதைக் கழுவ ஆளே இல்லையா? சம்பளம் வாங்குகிறவர்கள் என்ன செய்கிறார்கள்?"

வக்கீல் ஆபீஸில் இருபது வருஷமாகக் கடிதம் டைப் அடிக்கிறவள் நான். ரயில்வே மேலிடத்துக்கும் நறுக்கென்று ஒரு புகார் அனுப்பினேன்.

12 ஜூலை, சனி
நானூறு பேர் பகிர்ந்திருக்கிறார்கள். சந்தோஷமாகத்தான் இருக்கிறது.

16 ஜூலை, புதன்
பதில் வந்துவிட்டது! "தங்கள் புகாரின் பேரில் உடனடி நடவடிக்கை எடுக்கப்பட்டது." அவரிடம் காட்டினேன். பார்க்கட்டும்.

17 ஜூலை, வியாழன்
குழாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. அப்படியானால் என்ன நடவடிக்கை? ஸ்டேஷன் காவலாளி ஜெயபாலனிடம் கேட்டேன். என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்:

"கழுவுற மங்களம் அக்காவ நிப்பாட்டிட்டாங்க லா. ஒங்க படந்தான் காரணமாம்."

"தண்ணி இல்லாம அவங்க எப்படிக் கழுவுவாங்க?"

"கொழா ஒடஞ்சு ரெண்டு மாசம் ஆச்சு. எதிர்க் கடையிலேருந்து வாளி வாளியா தூக்கிட்டு வந்தாங்க. நீங்க பாக்கலையா?"

பார்க்கவில்லை. வீடு மாறி வந்ததிலிருந்து ஏழு மாதமாக இந்த ஸ்டேஷனுக்குப் போய் வருகிறேன், அந்த முகம்கூட ஞாபகம் இல்லை. சே! அந்தக் கழிவறையைவிட நான்தான் நாறுகிறேன்.

18 ஜூலை, வெள்ளி
பதிவை அழித்தேன். மங்களம் அக்காவை வேலைக்கு வைத்திருந்த குத்தகைக் கம்பெனிக்குப் போன் செய்தேன். தப்பு குழாயில்தான், அந்த அம்மாமேல் இல்லை என்று இரண்டு முறை சொன்னேன். "புது ஆள் போட்டாச்சு மிஸ்" என்றாள் ஒரு பெண். வைத்துவிட்டாள்.

20 ஜூலை, ஞாயிறு
ஜெயபாலன் வழி சொன்னார். ரப்பர் மரங்களை அழித்துக் கட்டிய மலிவு வீடுகள். மங்களம் அக்கா வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். என்னைவிடப் பத்து வயது கூட இருக்கும். நான் யார் என்று சொன்னேன்.

"தெரியும் மேடம். நீங்க படம் எடுத்துட்டு வெளிய வந்தப்ப, நான் வாளியோட எதிர்ல வந்தேன். ஒங்க உடுப்புல தண்ணி பட்டுரும்னு ஒதுங்கி நின்னேன்."

எப்படியோ மன்னிப்புக் கேட்டேன். தொழிலாளர் இலாகாவுக்கு நான் எழுதித் தருகிறேன், கூடவே வருகிறேன் என்றேன்.

"வேணாம். நீங்க எழுதுனா யாருக்காச்சும் வேல போவுது. போதும் லா."

கதவைச் சாத்திக்கொண்டார். மெதுவாகத்தான் சாத்தினார்.

4 ஆகஸ்ட், திங்கள்
கழிவறையைப் பூட்டிவிட்டார்கள். 'பழுது' என்று மலாயில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. அவ்வளவுதான், பிரச்சினை தீர்ந்தது!

நடைமேடையைக் கூட்டிக்கொண்டிருந்த புதுப் பெண்ணிடம் பெயர் கேட்டேன். "எதுக்கு?" என்று பயந்தாள்.

9 செப்டம்பர், செவ்வாய்
ரயில் அரை மணி தாமதம். கடைசியாக மங்களம் அக்கா ஏறினார். ஈப்போவில் ஏதோ ஆஸ்பத்திரியில் கழுவும் வேலையாம், ஜெயபாலன் போன வாரமே சொன்னார். பெட்டி நிறைந்திருந்தது. என் பக்கத்தில் மட்டும் ஓர் இடம். பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

"அக்கா, உட்காருங்க."

"பரவால்ல மேடம்."

ஈப்போ வரை கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே வந்தார். நான் உட்கார்ந்தே போனேன்.