நாற்பத்திரண்டாவது உறை

போர்-லூயி
14 ஏப்ரல் 1997

அன்புள்ள கூல்வென்,

நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். லா ரொஷெலிலாவது வெயில் அடிக்கிறதா? இங்கே மூன்று வாரமாக மழை. பட்டறைக்குள் ஈரம் ஏறாமலிருக்க இரண்டு சூடேற்றிகளையும் பகல் முழுவதும் ஓடவிட்டிருக்கிறேன்.

உன் படகின் உடல் அச்சிலிருந்து முழுசாக வெளியே வந்துவிட்டது. தராசில் இருநூற்றுப் பன்னிரண்டு கிலோ. நாம் நினைத்ததைவிட நான்கு கிலோ குறைவு. பட்டறையில் என்னோடு நின்ற சோஸிக் ஒரு முனையைத் தனியாகத் தூக்கிக் காட்டி, "படகா இது, முட்டை ஓடு! பார்த்து ஏறச் சொல்லு உன் வீட்டுக்காரரை" என்றாள்.

நல்ல செய்தியை முதலில் சொல்லிவிட்டேன். இனி மற்றது.

அடிப்பகுதியில் தேன்கூட்டுத் தகட்டைக் கார்பன் துணியோடு ஒட்ட நாற்பத்திரண்டு பசைத்தாள் வைத்தோம். ஒவ்வொன்றின் மீதும் நீல பிளாஸ்டிக் உறை இருக்கும், உரித்துவிட்டு வைக்க வேண்டும் என்பது உனக்குத் தெரியும். உரித்த உறைகளைக் கம்பியில் மாட்டி வைப்போம். வெற்றிடப் பையை மூடும்முன் எண்ணிப் பார்ப்போம். சனிக்கிழமை சோஸிக் கம்பியைக் காலி செய்யப் போனபோது எண்ணியிருக்கிறாள். நாற்பத்தொன்றுதான் இருந்தது. நானும் எண்ணினேன். நாற்பத்தொன்று.

அப்படியென்றால் ஒரு உறை உரிக்கப்படாமல் உள்ளே இருக்கிறது. அந்த இடத்தில் பசை பிடித்திருக்காது. நடுக்கடலில் அலை அறையும்போது வெளித்தோல் அங்கிருந்துதான் உரியத் தொடங்கும். நீ தனியாக இருப்பாய்.

எங்கே என்று தெரிந்ததும் எழுதுகிறேன். உன் குளிர்கால உடைகள் இங்கேயே இருக்கின்றன. அனுப்பட்டுமா, நீ வரும்வரை இருக்கட்டுமா?

உன்னுடைய
ரோசென்


லா ரொஷெல்
17 ஏப்ரல்

அன்பு ரோஸ்,

உன் கடிதம் வந்தது. தினமும் காலையில் பயிற்சி, மாலையில் பாய் தைப்பவரோடு சண்டை. மீன் சூப்பே சாப்பிட்டுச் சாப்பிட்டு நாக்கு செத்துவிட்டது. நீ செய்யும் கோதுமை அடை ஒன்று கிடைத்தால் போதும்.

உறையைப் பற்றி அலட்டிக்கொள்ளாதே. காற்றில் பறந்து குப்பைக்குப் போயிருக்கும். தயவுசெய்து எதையும் வெட்டாதே. மே இருபதில் படகு தண்ணீரில் இறங்கவில்லையென்றால் தகுதி ஓட்டத்துக்கு நேரமில்லை, செப்டம்பர் பந்தயமும் இல்லை. இருநூற்றுப் பன்னிரண்டு கிலோ! இதைக் கேட்டு இங்கே போட்டியாளர் ஒருவருக்கும் அன்று சாப்பாடு இறங்கவில்லை.

உடைகள் இருக்கட்டும். அவசரமில்லை.

முத்தங்களுடன்
கூல்வென்


போர்-லூயி
21 ஏப்ரல்

அன்புள்ள கூல்வென்,

குப்பைக்குப் போயிருக்க வழியில்லை. அன்று கதவு மூடியிருந்தது. நீ வந்தபோது ஒருமுறை திறந்தது, அவ்வளவுதான்.

அந்த நாளை மணிவாரியாக எழுதிப் பார்த்தேன். பிப்ரவரி பதினொன்று, செவ்வாய். மூன்று மணிக்கு நீ வந்தாய். சோஸிக் துணி வெட்டிக்கொண்டிருந்தாள். குளிர்பெட்டியிலிருந்து அடுத்த பசைச் சுருளை எடுத்துவர நான் பின்னறைக்குப் போனேன். திரும்பி வந்தபோது நீ வேலைமேசை அருகே கையில் பேனாவோடு நின்றாய். "லா ரொஷெலுக்குப் போறேன். சீசன் முடியட்டும், பார்ப்போம்" என்றாய். "எப்போ?" என்று கேட்டேன். "இப்போ" என்றாய். வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது.

நான் வேலையைத் தொடர்ந்தேன். வெளியே எடுத்த பசை யாருக்காகவும் காத்திருக்காது. மாலை ஏழு மணிவரை தாள் தாளாக வைத்தேன். கைகள் வேலை செய்ததைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான் நினைவிருக்கிறது. சரிபார்ப்புத் தாளில் 42 என்று எழுதி என் கையெழுத்து இருக்கிறது. எண்ணவில்லை. பதினெட்டு வருடத்தில் எண்ணாமல் கையெழுத்துப் போட்டது அன்றுதான். வேறு யாராவது செய்திருந்தால் வீட்டுக்கு அனுப்பியிருப்பேன்.

மூன்று நாளாக ஐந்து ஃபிராங்க் நாணயத்தால் அடிப்பகுதி முழுவதையும் தட்டிப் பார்க்கிறேன். ஒட்டியிருந்தால் கணீரென்று கேட்கும், இல்லையென்றால் மந்தமாக. இப்போது எல்லாமே எனக்கு ஒரே மாதிரி கேட்கிறது. சோஸிக்தான் பக்கத்தில் படுத்துக் காது கொடுக்கிறாள். படகின் அடியில் கீல் தகடு இறங்கும் இடத்துக்கு முன்னால் ஓரிடம் மந்தமாக இருக்கிறதாம். ஒலிக்கருவி வைத்துப் பார்ப்பவர் ஜூன் வரை வர முடியாது என்கிறார்.

"ஒருவேளை எவனாவது அதுல காதல் கடிதம் எழுதி எடுத்துட்டுப் போயிருப்பான்" என்று சோஸிக் சிரித்தாள். ரொட்டி வாங்கும் பட்டியலைக்கூட அவள் அந்த உறையில்தான் எழுதுவாள். இந்த முறை எழுதவில்லை என்று தன் மகள் மேல் சத்தியம் செய்கிறாள்.

ரோசென்


லா ரொஷெல்
24 ஏப்ரல்

ரோஸ்,

வெட்டாதே. உள்ளே எதுவும் இல்லை. எனக்குத் தெரியும். எப்படி என்று கேட்காதே, என்னை நம்பு. கடலுக்குப் போகப் போவது நான். நானே சரி என்கிறேன், அது போதாதா?

கூல்வென்


போர்-லூயி
30 ஏப்ரல்

கூல்வென்,

போதாது. "எனக்குத் தெரியும்" என்பதைச் சரிபார்ப்புத் தாளில் எந்தக் கட்டத்தில் எழுதுவது?

திங்கள்கிழமை வெட்டினேன். கீலுக்கு முன்னால், தட்டு அகலத்துக்கு ஒரு வட்டம். சோஸிக் விளக்கைப் பிடித்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "இதைப் பார்க்கறதுக்கு என் பல்லைப் புடுங்கியிருக்கலாம்" என்றாள். நான் எதையும் உணரவில்லை என்று சொன்னால் நம்புவாயா தெரியவில்லை. கத்தி இறங்கியது, தூசி வந்தது, வட்டம் கழன்றது.

உள்ளே உறை இல்லை. தேன்கூட்டின் ஒவ்வொரு அறையின் விளிம்பிலும் பசை அழகாக ஏறியிருந்தது. அவ்வளவு நல்ல ஒட்டலை நான் பார்த்ததில்லை. அங்கே துணி இரண்டு அடுக்கு கூடுதல், அதனால்தான் மந்தமாகக் கேட்டிருக்கிறது.

ஆகவே உறை வேறெங்கோ இருக்கிறது. மே ஐந்தாம் தேதி படகின் முன்பகுதியில் இன்னும் நான்கு இடம் வெட்டப்போகிறேன். கிடைக்காவிட்டால் மேலும் நான்கு. இருபதாம் தேதிக்குள் முடியாது. பந்தயக் குழுவுக்கு நீயே சொல்லிவிடு. எண்ணிக்கை சரியாகாமல் இந்தப் படகை நான் யாருக்கும் தர மாட்டேன். உனக்குத் தரவே மாட்டேன்.

இன்னொன்று. சீசன் முடிந்ததும் நீ வருகிறாயா என்று உன் அம்மா தொலைபேசியில் கேட்டார். "தெரியலை, அத்தை" என்றேன். உண்மையும் அதுதான்.

ரோசென்


லா ரொஷெல்
2 மே, விரைவு அஞ்சல்

ரோஸ்,

இதோடு இருப்பதைப் பார்.

நீ பின்னறைக்குப் போயிருந்தாய். உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது என்று எனக்குத் தெரியும். எழுதி வைத்துவிட்டுப் போகலாமென்று நினைத்தேன். மேசையில் காகிதம் இல்லை. உரித்துக் கிடந்த நீல உறைதான் கைக்கு வந்தது. எழுதி முடிப்பதற்குள் நீ வந்துவிட்டாய். சட்டைப்பைக்குள் திணித்துக்கொண்டு, சீசன் அது இது என்று ஏதோ உளறினேன். அன்றிலிருந்து அது என் மேலங்கியிலேயே கிடக்கிறது. உன் முதல் கடிதம் வந்த அன்றே புரிந்துவிட்டது. இதை அனுப்பினால் நீ படிப்பாய். அதனால்தான் அனுப்பவில்லை.

வேறு எதையும் வெட்டாதே. மன்னித்துவிடு.

கூல்வென்


போர்-லூயி
7 மே 1997

கூல்வென்,

உறை திங்கள் காலை எட்டரைக்கு வந்து சேர்ந்தது. கத்தியை எடுத்து வைத்திருந்தோம். மறுபடி கருவிப்பெட்டியில் போட்டுவிட்டேன்.

நம்முடையதுதானா என்று முதலில் சரிபார்த்தேன். சுருளிலிருந்து வெட்டும்போது சோஸிக்கின் கத்தி ஓரிடத்தில் வழுக்கியிருக்கிறது. கம்பியிலிருந்த ஒரு உறையின் விளிம்பில் அதே வளைவு. இரண்டையும் சேர்த்து வைத்தால் இடைவெளி இல்லை. அதன் பிறகுதான் எழுத்தைப் படித்தேன்.

மை கொஞ்சம் கரைந்திருக்கிறது, ஆனாலும் படிக்க முடிந்தது. பதினோரு வரி. திரும்பி வர மாட்டேன் என்பது நான்காவது வரியிலேயே வந்துவிடுகிறது. மீதி ஏழு வரியும் நல்ல வார்த்தைகள். அவற்றை எழுதிக்கொண்டிருக்காவிட்டால் நான் வருவதற்குள் முடித்திருப்பாய். பன்னிரண்டு வாரமாக உன் உடைகளுக்குள் பூச்சி விழாமல் உதறி உதறி வைத்துக்கொண்டிருந்தேன்.

சோஸிக் உறையை வாங்கிப் பார்த்துவிட்டு, "அடப்பாவி, இதுக்கா படகை ஓட்டை போட்டோம்!" என்றாள். பிறகு வெளியே போய் இரண்டு காபி வாங்கி வந்தாள். இருவரும் நின்றுகொண்டே குடித்தோம்.

உறையை மற்றவற்றோடு கம்பியில் மாட்டினேன், எழுத்து சுவரைப் பார்க்கும்படி. முதலிலிருந்து எண்ணினேன். நாற்பத்திரண்டு. பழைய தாளில் என் கையெழுத்தை அடித்துவிட்டு இன்றைய தேதியிட்டுப் போட்டிருக்கிறேன்.

வெட்டிய இடத்தை அடைத்துச் சுட்டெடுத்தாகிவிட்டது. அதனால் படகு அறுநூறு கிராம் கூடியிருக்கிறது. தட்டிப் பார்த்தேன். இந்த முறை எனக்கே கேட்டது. நல்ல படகு, கூல்வென். அடிப்பகுதியைப் பற்றிக் கடலில் நீ ஒருமுறைகூட நினைக்க வேண்டியிருக்காது.

இருபதாம் தேதி வந்து எடுத்துக்கொள். சாவி சோஸிக்கிடம் இருக்கும், நான் இருக்க மாட்டேன். உன் குளிர்கால உடைகளையும் காலணிகளையும் மடித்து முன்னறையில் வைத்திருக்கிறேன். ஆறு கிலோ இருக்கிறது. படகை எடை பார்க்கும்முன் மறக்காமல் இறக்கிவிடு.

ரோசென்