அக்கா கடலில் போட்டு வைத்த பாட்டு

என் கோபக்காரச் செல்ல அக்காவுக்கு,

உனக்கு நான் எழுதுகிற முதல் கடிதம் இது. நீ இருந்தபோது எழுதியதே இல்லை. தினமும் போனில் சண்டை போட்டுக்கொண்டிருந்தவர்களுக்குக் கடிதம் எதற்கு? இப்போது உன் நம்பருக்கு அடித்தால் அத்தான் எடுத்து, "சொல்லு சரசு" என்கிறார். சாப்பிட்டீங்களா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுகிறேன்.

முதலில் நல்ல செய்தி. நாம் இருவரும் வருஷக்கணக்காக இழுத்தடித்த வேலையை முடித்துவிட்டேன். உன் கம்ப்யூட்டரில் இருந்த கரோக்கிப் பாட்டுகளும் என்னுடையதில் இருந்தவையும் இப்போது ஒரே இடத்தில் இருக்கின்றன. "வாடி, ஒரு நாள் உக்காந்து சேத்துருவோம்" என்று நீ கூப்பிடுவாய். நானும் ராமநாதபுரத்தில் பஸ் ஏறிப் பாம்பனுக்கு வருவேன். வயரைச் சொருகுவதற்குள் நண்டுக் குழம்பு வந்துவிடும். பின்னாலேயே புதுமடத்திலிருந்து உன் பாட்டுச் சிநேகிதி ஜொகரா ராத்தா வந்துவிடுவார். ஆளுக்கு ரெண்டு பாட்டு என்று ஆரம்பித்துப் பொழுது போய்விடும். பாடுகிற வீட்டில் வேறு எந்த வேலை நடந்தது?

உன் மொட்டைமாடி ஞாயிற்றுக்கிழமைகளை நினைத்துக்கொள்கிறேன். பெண்கள் நாம் பாட, அத்தான் ஸ்பீக்கர் பாக்ஸைத் தூக்கிவந்து வைத்து, வயரெல்லாம் மாட்டிக் கொடுத்துவிட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்வார். நீ மைக்கில் சொல்வாய்: "எங்க வீட்டுக்காரவுகளுக்குன்னு ஒரு பாட்டு எடுத்து வச்சிருக்கேன். அவுக என்னைக்கு மைக்கப் பிடிக்கிறாகளோ, அன்னைக்குப் போடுவேன்." எல்லோரும் திரும்பிப் பார்ப்போம். அவர் குனிந்து, சரியாக இருக்கிற வயரைச் சரிபார்ப்பார்.

மாடியில் சிரிப்பாய். படியிறங்கும்போது மட்டும் என் தோளைப் பிடித்துக்கொண்டு, "ஒரு தடவ பாடிட்டா என்னடி, கொறஞ்சா போயிருவாக?" என்பாய். எத்தனை தடவை அப்படிக் கேட்டிருப்பாய்! நிறைவேறாமல் போன உன் ஆசை அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

உன் வருஷத் திதி முடிந்த மறுநாள், அத்தான் உன் கம்ப்யூட்டரைத் துணியில் சுற்றி என் முன்னால் வைத்தார்.

"சரசு, இத எடுத்துட்டுப் போயிரு. இங்கன கெடந்தா உப்புக் காத்துல துருப்பிடிச்சுப் போகும். பாட்டப் பூராம் ஒன்னோடதுல ஏத்திக்க. உள்ள கடல்னு ஒண்ணு இருக்கும். அத மட்டும் அழிச்சிரு."

"ஏன் அத்தான்?"

"வேணாம், விடு. அழிச்சிரு."

அதற்கு மேல் கேட்கவில்லை. விசைப்படகு ஓட்டுகிற மனிதர், கடலைப் பார்த்துப் பார்த்துச் சலித்திருப்பார் என்று நானாகவே ஒரு காரணம் கட்டிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து இரண்டையும் இணைத்தேன். பாட்டுகள் ஒவ்வொன்றாக ஏறிக்கொண்டிருந்தபோது கம்ப்யூட்டர் நின்று ஒரு கேள்வி கேட்டது. இதே பெயரில் உன்னிடம் ஏற்கெனவே ஒரு ஃபோல்டர் இருக்கிறதே, இரண்டையும் சேர்க்கட்டுமா என்று. பார்த்தால் ஆங்கில எழுத்தில் கே, ஏ, டி, ஏ, எல். கடல். அது என்னிடமும் உண்டு. அலை, படகு, மீனவன் என்று வருகிற பாட்டுகளை எல்லாம் அதில்தான் போட்டு வைத்திருக்கிறேன்.

அத்தான் சொன்னபடி உன்னுடையதை அழித்திருக்க வேண்டும். ஆனால் பாட்டு விஷயத்தில் எனக்கு இருக்கிற பேராசை உனக்குத் தெரியாததா? என்னிடம் இல்லாத ஒன்றிரண்டு தேறுமே என்று திறந்து பார்த்தேன். முதல் பாட்டு, பூந்தோட்டத்தில் ஓடிப் பிடித்து விளையாடுகிற ஜோடி. அடுத்தது, ஒரே குடைக்குள் இரண்டு பேர். அதற்கடுத்தது, ஊருக்குப் போனவனை நினைத்து உருகுகிற பெண். கடலைக் காணவே காணோம். தண்ணீர் என்று பார்த்தால் கதாநாயகி விடுகிற கண்ணீர்தான்.

உன்னைத் திட்டினேன் அக்கா. எதை எங்கே போடுவதென்று ஒரு ஒழுங்கு வேண்டாமா என்று வாய்விட்டே திட்டினேன். அப்புறம்தான் உன் மற்ற ஃபோல்டர்களின் பெயர்களைப் படித்தேன். தாலாட்டை 'டாலாட்டு' என்று அடித்திருந்தாய். எனக்குப் பிடித்த பாட்டுகளைப் போட்டு வைத்த இடத்துக்கு 'டங்கச்சி' என்று பெயர். ஆங்கில எழுத்தில் 'த' போடுகிறபோது நீ எச் போட்டதே இல்லை. கேட்டால், "படிக்கிறவளுக்குத் தெரியாதா?" என்பாய்.

நான் கடல் என்று படித்தேன். அத்தானும் அப்படியே படித்திருக்கிறார். நீ எழுதி வைத்தது காதல்.

அதற்குள் ஒரு பாட்டுக்கு 'முனியசாமி' என்று பெயர் வைத்திருந்தாய். கல்யாணமான நாளிலிருந்து அத்தான் பெயரை நீ வாயால் சொல்லி நான் கேட்டதில்லை. 'அவுக', 'இந்தா பாருங்க' இவற்றைத் தாண்டாதவள், முழுப் பெயரையும் அடித்து வைத்திருக்கிறாய். போட்டுக் கேட்டேன். ஆணும் பெண்ணும் மாறி மாறிப் பாடுகிற பழைய பாட்டு. சுதியை இரண்டு கட்டை இறக்கி வைத்திருந்தாய். அத்தான் பாடி நாங்கள் யாரும் கேட்டதே இல்லையே, அவர் குரலுக்கு இதுதான் சுதி என்று உனக்கு எப்படித் தெரிந்தது? குளிக்கும்போது முணுமுணுப்பாரா? எஞ்சினைத் துடைக்கும்போதா? என்னிடம்கூடச் சொல்லாமல் வைத்துக்கொண்டாயே.

அவர் பேச்சைக் கேட்டு அழித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். நன்றாக அழுதேன். அழுதுவிட்டு, அடுத்த பஸ்ஸில் பாம்பனுக்குக் கிளம்பினேன்.

"அத்தான், அது கடல் இல்ல. காதல்."

அவருக்குப் புரியவில்லை. செல்போனில் அந்த எழுத்துகளை அடித்துக் காட்டினேன். நீ எச் போடாத கதையைச் சொன்னேன். ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்துப் பார்த்தார்.

"ஒரு நா வயரு மாட்டையில பாத்தேன் சரசு. கடல்னு போட்டு, உள்ள எம்பேரு கெடந்துச்சு. நெதம் நான் கடல்லதான் கெடக்கேன், வீட்டுலயும் என்னையக் கடல்லயே போட்டு வச்சிருக்காளேன்னு இருந்துச்சு. பொழப்பச் சொல்லிக் கேலி பண்ணுறாளோன்னு நெனச்சுக்கிட்டேன். அதுக்கப்பறம் மைக்கப் பாத்தாலே ஒரு மாதிரி ஆயிருச்சு."

சொல்லிவிட்டுச் சிரித்துக்கொண்டே துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். துண்டுக்குள்ளிருந்து குரல் மட்டும் வந்தது.

"ஏத்தா, ஒரு எச்சு போட்டிருக்கக் கூடாதா அவ?"

ஒரே வீட்டில் இருந்தீர்கள். நீ வாய்விட்டுச் சொல்லியிருக்கலாம், அவர் கேட்டிருக்கலாம். இரண்டு பேரும் ஏன் செய்யவில்லை?

போன ஞாயிற்றுக்கிழமை, நீ போன பிறகு முதல் முறையாக உன் மாடியில் கூடினோம். உன் கம்ப்யூட்டரை நான் திரும்பக் கொண்டுபோயிருந்தேன். அத்தான் பாக்ஸைத் தூக்கிவந்தார், வயரை மாட்டினார். தொட்டிப் பக்கம் போகவில்லை. மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றார். ஜொகரா ராத்தாதான், "பிஸ்மி சொல்லி ஆரம்பிங்க தம்பி, நாங்க இருக்கோம்ல" என்றார்.

பாடினார் அக்கா! பிரமாதமாகப் பாடினார் என்று பொய் சொல்ல மாட்டேன். தாளத்தை முந்திக்கொண்டு ஓடினார், ஒரு வரியை விழுங்கினார். ஆனால் சுதி மட்டும் விலகவே இல்லை. நீ வைத்த கட்டையில் அவர் குரல் அப்படியே பொருந்தி நின்றது.

பெண் பாடுகிற இடம் வந்ததும் நான் இன்னொரு மைக்கை எடுத்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"வேணாம் சரசு. அது அவ வரி."

யாரும் பாடவில்லை. இசை மட்டும் போய்க்கொண்டிருந்தது. திரையில் உன் வரிகள் ஒவ்வொரு எழுத்தாக நிறம் மாறிக்கொண்டே போயின. அவர் கடைசி எழுத்துவரை பார்த்துக்கொண்டு நின்றார். அது முடிந்ததும், தன் வரியைச் சரியான நேரத்தில் எடுத்தார்.

இனிமேல் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அந்தப் பாட்டு உண்டு. என் கடல் பாட்டுகளுக்கு வேறு பெயர் வைத்துவிட்டேன். உன்னுடையதில் ஒரு எழுத்தைக்கூடத் திருத்தவில்லை, திருத்தவும் மாட்டேன். அத்தான் பாடும்போது நான் சிரிக்க மாட்டேன். உன் வரிகள் வருகிறபோது நானும் பாட மாட்டேன், வேறு யாரையும் பாட விடவும் மாட்டேன். சத்தியம், அக்கா.

உன் கூடப்பிறந்தவள்,
சரசு