எடுத்துவிட முடியாத காட்சி

ஜனவரி 28, புதன்
திரைப்பட மன்றத்தில் தமிழ்ச்செல்வி மிஸ் ஒரு சோதனை சொன்னார். ஒரு காட்சியை எடுத்துவிட்டுப் பார்க்க வேண்டும். கதை அப்படியே நின்றால் அந்தக் காட்சி வீண். "'அப்புறம்'னா வெறும் சம்பவம். 'அதனால'ன்னாதான் கதை."

வீட்டில் அப்பாவிடம் சொன்னேன். "குழம்புல உப்பு இல்ல. அதனால?"

"அதனால ஊறுகா!" என்றார். அம்மா கரண்டியை ஓங்கினாள்.

நாளை பள்ளியில் படம். முடிவதற்குள் பஸ் போய்விடும். அப்பா வண்டியில் வந்து கூட்டிப்போவார்.

பிப்ரவரி 6, வெள்ளி
அப்பாவை அடக்கம் செய்து ஒரு வாரம்.

படம் முடிந்து வாசலில் நின்றேன். நின்றுகொண்டே இருந்தேன். வரும் வழியில், எதிரே வந்த பஸ்ஸுக்கு ஒதுங்கும்போது வண்டி கல்லில் ஏற, அப்பா விழுந்திருக்கிறார். ரோட்டில் காயும் நெல்மேல் வண்டிகள் ஏறாமலிருக்க வைத்த கல். நெல்லை அள்ளிவிட்டார்கள், கல்லை எடுக்கவில்லை.

பிப்ரவரி 7
அம்மா தட்டை வைத்துவிட்டுப் போய்விடுகிறாள். கல்லறையில் சொன்னதுதான் கடைசிப் பேச்சு: "நீ படம் பாக்க நிக்காத இருந்தா அவரு இன்னாத்துக்கு அந்த ரோட்டுல வராரு?"

பிப்ரவரி 11
சோதனையைச் செய்து பார்த்தேன். படத்தை எடுத்தேன். கல்லை எடுத்தேன். எதிரே வந்த பஸ்ஸை எடுத்தேன். எதை எடுத்தாலும் அப்பா வீட்டுக்கு வந்துவிடுகிறார். ஏன் ஒன்றைக்கூட எடுக்க முடியவில்லை?

பிப்ரவரி 15, ஞாயிறு
அப்பாவோடு கூலிக்கு நெல் காயவைக்கும் பெருமாள் மாமா, சர்ச் வாசலில் அழுதார்.

"கல்லு வச்சதே உங்கப்பன்தாம்மா. மூட்ட கட்டினதும் எட்த்துடலாம்டான்னேன். 'பாப்பா நின்னுகினு இருக்கும், இட்டாந்துட்டு எட்த்துக்கிறேன்'னு கெளம்பிட்டான். எதிர்ல பஸ்ஸு. ஓரங்கட்டினான். அவன் வச்ச வரிசையில கடைசி கல்லு."

அம்மாவிடம் சொல்ல மாட்டேன். சொன்னால் கோபம் அப்பாமேல் திரும்பும். அவரால் பதில் பேச முடியாதே.

பிப்ரவரி 20
அம்மா இன்றும் பேசவில்லை.

பிப்ரவரி 26, வியாழன்
இந்த மாதப் படம். நான் உட்காராமல் வெளியே வந்தேன். வாசலில் அம்மா.

"இன்னா, படம் பாக்கல?"

எத்தனை நாள் கழித்து! தலையை மட்டும் ஆட்டினேன்.

"போய்ப் பாரு. நான் இங்கியே கீறேன்."

பார்த்தேன். ஒன்றும் மனதில் நிற்கவில்லை. திரும்பி வந்தபோது அம்மா அங்கேயே இருந்தாள்.

நடந்தே வந்தோம். ரோட்டில் யாரோ நெல்லை அள்ளிப்போயிருந்தார்கள். கற்கள் வரிசையாக அப்படியே கிடந்தன. அம்மா முந்தானையைச் செருகிக்கொண்டு குனிந்தாள்.

"அவரும் இப்டிதான் வுட்டுட்டுக் கெளம்பிட்டாரு," என்றாள். "நீ அந்தாண்ட கீறத எடு."

யார் சொன்னார்கள் என்று நான் கேட்கவில்லை. கடைசிக் கல்வரை எடுத்துப் போட்டோம்.