இரண்டாம் பாகத்தில் இரண்டாவது ஆள்

என் ஸ்டெல்லாக் கண்ணே,

கல்லறைத் திருநாளுக்கு வரும் நம் பங்குக் கோவில் மலரில், இறந்துபோனவர்களுக்கு வீட்டுக்கொரு பக்கம் எழுதித் தரச் சொன்னார் சாமியார். மற்றவர்கள் பைபிள் வசனமெல்லாம் போட்டு அழகாக எழுதுவார்கள். உன் அப்பன் எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். அதனால் வீடியோ கேம் பற்றி எழுதுகிறேன். சாமியார் கோபித்துக்கொள்ளட்டும், நீ சிரித்தால் போதும்.

பெட்டி தள்ளுகிற விளையாட்டுக்கு இரண்டாம் பாகம் வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்தாயே, அது வந்துவிட்டது பாப்பா.

முதல் பாகத்தை நீ ஆடும்போது பக்கத்தில் உட்கார்ந்து தொந்தரவு கொடுத்ததுதான் என் வேலை. குடோனுக்குள் ஒரு குட்டி ஆள் பெட்டிகளைத் தள்ளிக் கட்டத்தில் சேர்க்க வேண்டும். மூலைக்குப் போன பெட்டி போனதுதான். நானோ கம்பெனியில் லோடு ஏற்றுகிறவன். "கொக்கி எங்க பாப்பா? கொக்கி போட்டு இழு" என்றேன்.

"யப்பா, இது உன் கம்பெனி குடோன் இல்ல. இதுல தள்ளத்தான் முடியும், இழுக்க முடியாது" என்று நீ சிரித்த சிரிப்பில் அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "அடுத்த பார்ட்ல ரெண்டு பேர் சேந்து ஆடலாமாம். நீயும் நானும். கொக்கிய வூட்லயே வெச்சிட்டு வா, இன்னா?"

அதைத் தேடித்தான் இரண்டு பேரும் பர்மா பஜார் போனோம். வந்தால் எடுத்து வைப்பதாகக் கடைக்கார பாய் சொன்னார். அதற்குள் மஞ்சள் காமாலை முந்திக்கொண்டது.

போன மாதம் லாரியோடு துறைமுகம் பக்கம் போனவன், எப்படியோ அந்தக் கடை முன்னால் போய் நின்றேன். பாய் என்னை மறக்கவில்லை. "இன்னா நைனா, ஆளயே காணோம்? பாப்பாக்குன்னு எடுத்து வெச்சிக்கினு கீறேன். எங்க, பாப்பா வரல?"

"இஸ்கூலுக்குப் போயிருக்கு பாய்."

வேறு என்ன சொல்வது? அவர் முகம் அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. காசைக் கொடுத்து வாங்கிக்கொண்டு வந்தேன்.

சொன்னால் வருத்தப்படாதே, இரண்டாம் பாகம் சுமார்தான். முதல் பாகத்தில் பெட்டிக்குப் பெட்டி படம் போட்டிருந்தான், இதில் வெறும் கலர். சிவப்புப் பெட்டி சிவப்புக் கட்டத்துக்கு, பச்சை பச்சைக்கு. நம் டிவியோ கறுப்பு வெள்ளை. ஒன்று சாம்பல், இன்னொன்று கொஞ்சம் அழுக்குச் சாம்பல். பாட்டு வேறு பாதியில் விக்கி நின்றுவிடுகிறது.

பெரிய கோளாறு இன்னொன்று. ஒருத்தன் மட்டும் ஆடினாலும் திரையில் இரண்டு ஆள் வருகிறார்கள். தனியாக ஆடுகிறவனும் இருப்பான் என்று இதைச் செய்தவனுக்குத் தோன்றவே இல்லை போலிருக்கிறது. இரண்டாவது ஆள் குடோன் வாசலை அடைத்துக்கொண்டு நிற்கிறான். அவன் நகராமல் ஒரு பெட்டியும் வெளியே போகாது. அதனால் என் ரிமோட் கையில், உன் ரிமோட் தரையில், என் கால் கட்டைவிரலுக்குக் கீழே. நரைத்த தலையோடு ஒருத்தன் காலால் பட்டன் அமுக்குகிறான். நீ பார்த்திருந்தால் நம்ம ஊர் பென்னலூர் முழுக்கச் சொல்லியிருப்பாய்.

இவ்வளவு குறை இருந்தும் எனக்கு அது பிடித்துப்போயிற்று. ஷிப்ட் முடிந்து பஸ்ஸில் வரும்போதே மனசு அந்தக் குடோனுக்குள் போய்விடுகிறது. பெட்டி சரியான கட்டத்தில் உட்கார்ந்தால் 'டிங்' என்று ஒரு சத்தம். அந்த நேரத்துக்கு எதுவுமே நினைவில் இல்லை, நீ இல்லை என்பதும்கூட. அப்புறம் நினைவு வருகிறது. அது தப்பா பாப்பா?

அம்மாவை நினைத்துத்தான் எனக்குப் பயம். நீ போன நாளிலிருந்து டிவியைத் துணி போட்டு மூடி வைத்திருந்தாள். நான் துணியை எடுத்தால், அவள் குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போய்விடுவாள். தண்ணீர் வராத நேரத்திலும் போவாள். பக்கத்தில் பிள்ளைப்பாக்கத்தில் நிலம் கேட்டு புரோக்கர்கள் சுற்றுகிறார்கள், ஊரே அதைத்தான் பேசுகிறது. நம் வீட்டில் எதற்கும் பேச்சில்லை. உப்பு போதுமா, போதும், அவ்வளவுதான். இந்த ஆட்டத்தால் அவளை இன்னும் தூரமாகத் தள்ளிவிடுவேனோ என்று, ஆடும்போதெல்லாம் ஒரு கண் வாசலில்தான் இருக்கும்.

போன ஞாயிறு பூசை முடிந்து வந்து ஆடிக்கொண்டிருந்தேன். அம்மா வெறுங்குடத்தோடு திரும்பி வந்தாள். என் காலைப் பார்த்தாள்.

"இன்னாங்க இது? புள்ள கையில வெச்சிருந்தத காலால மிதிக்கிறீங்க?"

காலை இழுத்துக்கொண்டேன். குனிந்து உன் ரிமோட்டை எடுத்தாள். டிரங்குப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிடுவாள் என்றுதான் நினைத்தேன். முந்தானையால் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள். பிறகு குடத்தைச் சுவரோரம் வைத்துவிட்டு, நீ உட்காரும் இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள்.

"எந்த பட்டன்?"

சொன்னேன். வாசலில் நின்ற ஆள் முதல் தடவையாக ஒழுங்காக நடந்தான். நடந்தவன் நேராகப் போய் ஒரு பெட்டியை மூலையில் தள்ளினான்.

"அய்யய்யோ. இழுங்க அத."

"இழுக்க முடியாதும்மா. தள்ளத்தான் முடியும்."

அவள் அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாட்டு விக்கி நின்றது. கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "அப்ப முதல்லேர்ந்து போடுங்க."

போட்டேன். மறுபடியும் மூலை. மறுபடியும் போட்டேன். "உங்க பொண்ணு இதப் போயா அப்படிக் கேட்டா?" என்றாள். உன்னைப் பற்றி அவள் வாய் திறந்து எத்தனை நாள் ஆயிற்று தெரியுமா?

அம்மாவால் ஒரு குடோனைக்கூட முடிக்க முடியவில்லை. என்னாலும்தான். முடிக்கிறோம் என்று சொல்லி உன்னை ஏமாற்ற மாட்டேன். ஆனால் ஒரு வாக்குத் தருகிறேன் கண்ணே: உன் ஆளை இனிமேல் வாசலில் தனியாக நிற்க விடமாட்டோம். தப்புத் தப்பாகவாவது அம்மா அவனை நடக்க வைப்பாள். நானும் கொக்கி கேட்க மாட்டேன்.

மூலையில் பெட்டியைத் தள்ளிவிட்டு முழிக்கும்
உன் அப்பா