நொடிக்கு 0.38

அக்டோபர் 6, திங்கள்

வெட்கக்கேடு, ஆனாலும் எழுதிவிடுகிறேன். நாற்பத்தொன்பது வயதுக்காரன், மட்டாஞ்சேரியில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவன், இன்று காலை பனியனோடு அலமாரி முன் நின்று காற்றைக் குத்திக்கொண்டிருந்தேன். மணிக்கட்டில் ஜிம்மில் கொடுத்த, வேகம் அளக்கிற பேண்டு. வெறுங்கைக்கு எவ்வளவு வேகம் காட்டும் என்று பார்க்கிற ஆசை. நொடிக்கு 2.1 மீட்டர் காட்டியது. மணிக்கட்டைச் சுண்டினால் இன்னும் ஏறியது.

பின்னால் என் மனைவி ஜுமைலா. "யாரை அடிக்கிறீங்க?"

"கொசுவை."

"அது சிரிச்சுக்கிட்டே போயிடுச்சு. சாயா ஆறுது, வாங்க."

அக்டோபர் 8, புதன்

கோச் ஆனந்தகுமார் பலகையில் எழுதிவிட்டார். அறுபது கிலோ கம்பியைப் படுத்தபடி மார்பிலிருந்து மேலே தள்ளுகிற வேகம்: ஷானவாஸ் 0.44, மொய்து, அதாவது நான், 0.38. ஒரே எடையை வேகமாகத் தள்ளுகிறவனுக்குப் பலம் அதிகமாம். இந்த வயதில் உச்ச எடையைத் தூக்கிப் பார்த்து நெஞ்சைப் பிடித்துக்கொள்ள வேண்டாம், பேண்டே சொல்லிவிடும் என்கிறார்.

அடுத்த மாதம் கலூரில் நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு மாவட்டப் போட்டி. எங்கள் எடைப் பிரிவுக்கு ஜிம்மிலிருந்து ஒரே இடமாம். அது ஷானவாஸுக்கு.

ஷானவாஸ் ஜுமைலாவின் தம்பி. என் கல்யாணத்தன்று பிரியாணி அண்டாவின் ஒரு காதைப் பிடிக்கத் தெம்பில்லாமல் நின்ற பயல். தொப்பை போடுகிறதே என்று அக்கறைப்பட்டு அவனை ஜிம்மில் சேர்த்தவன் நான். வேண்டும் எனக்கு.

அக்டோபர் 10, வெள்ளி

பேண்டு கம்பியில் இல்லையே, கையில்தானே இருக்கிறது? அப்போது கையைத்தானே அளக்கும்? ஆனந்தகுமாரிடம் கேட்டேன். "மெஷின் பொய் சொல்லாது இக்கா" என்றார். கண் பவர் பார்க்கிற என் மெஷின், எதிரே இருப்பவர் இமைத்தாலே உளறும். எனக்கா மெஷினைப் பற்றிச் சொல்லித் தருகிறார்?

மாலையில் ஃப்ரேம் மாற்ற வந்த செல்லப்பாவிடம் பேச்சோடு பேச்சாகச் சொன்னேன்: ஷானவாஸ் தள்ளும்போது மணிக்கட்டைச் சுண்டுகிறான் போல.

'போல' என்றுதான் சொன்னேன். செல்லப்பா தெருமுனையைத் தாண்டுவதற்குள் அந்தப் 'போல' உதிர்ந்துவிடும் என்று தெரிந்துதான் சொன்னேன்.

அக்டோபர் 13, திங்கள்

உதிர்ந்துவிட்டது.

அக்டோபர் 14, செவ்வாய்

"என் தம்பி ஜிம்முல கள்ளத்தனம் பண்றானாமே. கப்பக்கிழங்கு விக்கிறவ வரைக்கும் கேக்குறா. யாரு கிளப்பி விட்டது?" என்றாள் ஜுமைலா.

எனக்கென்ன தெரியும் என்றேன். கண்ணைப் பார்த்தே சொன்னேன். கண்ணைப் பார்ப்பதுதானே என் பிழைப்பு.

அக்டோபர் 18, சனி

என் புலம்பல் தாங்காமல் ஆனந்தகுமார் காக்கநாட்டில் நண்பர் ஒருவரிடம் ஒரு பெட்டி இரவல் வாங்கி வந்தார். பெட்டி தரையில் இருக்கும். அதிலிருந்து வருகிற மெல்லிய நூலின் நுனியைக் கம்பியில் கட்ட வேண்டும். கம்பி ஏற ஏற நூல் ஓடும், அந்த ஓட்டம்தான் கணக்கு. மணிக்கட்டுக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. எனக்கு வாயெல்லாம் பல்.

பேண்டையும் கட்டிக்கொண்டு, நூலையும் கட்டிக்கொண்டு இருவரும் தள்ளினோம்.

ஷானவாஸ் — பேண்டு 0.44, நூல் 0.43.

நான் — பேண்டு 0.38, நூல் 0.29.

பேண்டு தப்புத்தான். நான் சொன்னது சரி. இத்தனை நாளும் எனக்குக் கூட்டிப் போட்டிருக்கிறது.

"மெதுவா ஏத்தும்போது உங்க கை நடுங்குதில்ல இக்கா, அதையும் வேகம்னு எடுத்துக்கிட்டிருக்கு" என்றார் ஆனந்தகுமார், ஆஸ்பத்திரியில் பேசுகிற குரலில். அந்தக் குரலை அவர் எடுத்திருக்க வேண்டாம். யாரும் சிரிக்கவில்லை. வேறொருவனுக்கு இது நடந்திருந்தால் நான் ஒரு வாரம் சிரித்திருப்பேன்.

ஷானவாஸ் பேண்டைக் கழற்றி பெஞ்சில் வைத்தான். "மச்சான் பேரையே எழுதிக்கங்க அண்ணே."

"என்னடா, நீதானே ஜெயிச்சே?"

"கலூர்ல நான் தூக்கினாலும், இங்க சுண்டினவன்னுதான் பேசுவாங்க மச்சான். தெருவுல ஒவ்வொருத்தருக்கும் நூல் கட்டிக் காட்ட முடியுமா?"

குரலை உயர்த்தவில்லை. யார் கிளப்பியது என்றும் கேட்கவில்லை. கேட்டுத் தொலைத்திருக்கலாம். ஒரு சண்டை போட்டிருக்கலாம். எதுக்குடா இப்படி மரியாதையாப் பேசிக் கொல்றே?

அக்டோபர் 26, ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமை மதியம் அவன் மனைவி மக்களோடு இங்கேதான் சாப்பிடுவான். போன வாரமும் வரவில்லை, இன்றும் வரவில்லை. ஜுமைலா ஆறு தட்டு எடுத்து வைத்தாள். இரண்டு மணிக்கு நான்கைத் திரும்ப அடுக்கினாள்.

நவம்பர் 9, ஞாயிறு

கலூர் போய்வந்தேன். அறுபத்தைந்து கிலோ ஏறியது. எழுபது மார்பிலேயே உட்கார்ந்துவிட்டது. இரண்டு பேர் வந்து எடுத்தார்கள். ஒன்பது பேரில் எட்டாவது.

கிளம்பும்போது, பெயர் பதிகிற மேசையில் இருந்த பெண் என் படிவத்தைத் திருப்பித் தந்தாள். "உங்க ஜிம்முல இருந்து ஒருத்தர் மட்டும்தானா இக்கா?" என்று மலையாளத்தில் கேட்டாள்.

பேருந்தில் உட்கார்ந்து படிவத்தின் பின்பக்கத்தைப் பார்த்தேன். அச்சிட்டிருக்கிறது. ஒரு பிரிவுக்கு, ஒரு ஜிம்மிலிருந்து, இரண்டு பேர்.